என் மாமனார் கொடுத்த கிருமி

கிளாரித்ரோமைசின் என்கிற மருந்தைத் தூளாகக் கையாண்டவர்களுக்கு அதன் கசப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் எடை போடுவேன். ஆனாலும் மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்தால் புளிசாதம் கசக்கும். சாயங்காலம் வீட்டில் காபி கசக்கும். "காப்பி கசக்குதுன்னு சொல்றா. யாரு போட்ட காப்பி? நான் போட்டது" என்று என் மாமியார் கொஞ்ச நாள் மனத்தாங்கலோடு இருந்தார். குற்றம் மருந்தின் மேல்தான் என்று நான் விளக்கினேன். "மருந்து கசக்காம பின்ன இனிக்குமா?" என்றார்.

புதுக்கோட்டையில் கீரனூர் சாலையில் உள்ள ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கும் பதிவு செய்திருந்தேன். எடுத்துக்கொண்ட வேலை இதுதான்: மேக்ரோலைடு என்ற குடும்பத்து மருந்துகளில் ஒன்றை எடுத்து, அதன் மூலக்கூறில் புதிதாக ஒரு கையை ஒட்டவைக்க வேண்டும். பழைய மருந்துக்கு அசையாத கிருமி புதியதற்காவது அசைகிறதா என்று பார்க்க வேண்டும். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், அசித்ரோமைசின் எல்லாம் இந்தக் குடும்பம்தான். ஒரு பெரிய வளையம், அதில் இரண்டு சர்க்கரைகள் தொங்கிக்கொண்டிருக்கும். நான் கை வைத்தது இரண்டாவது சர்க்கரையில்.

என் மாமனாருக்கு இந்தக் குடும்பத்தோடு என்னைவிட நெருங்கிய பழக்கம். அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். புதுக்கோட்டையிலிருந்து கந்தர்வக்கோட்டை வழியாகத் தஞ்சாவூர் போகிற வண்டியில் பல வருடம் நின்றே காலம் தள்ளியவர். தொண்டை கரகரத்தால் கண்டக்டர் பிழைப்பு நடக்காது என்பதால், அந்தக் காலத்திலேயே மருந்துக்கடையில் அசித்ரோமைசின் கேட்டு வாங்கிப் போடப் பழகிவிட்டார். அவர் அகராதியில் அதன் பெயர் 'மூணு நாள் மாத்திரை'. அந்த மூணு நாள் மாத்திரையை அவர் மூன்று நாளும் போட்டு நான் பார்த்ததே இல்லை. ஒன்று போடுவார், மிஞ்சினால் இரண்டு. மிச்சம் சட்டைப்பையில் இருக்கும். திருக்கோகர்ணத்தில் எங்கள் தெருவில் யார் தும்மினாலும் அந்தப் பைக்குள் கை போகும்.

"மாமா, சளிக்கு இது கேக்காது. சளி வைரஸால வர்றது. இது பாக்டீரியாவுக்கு" என்பேன்.

"எனக்குக் கேக்குதேத்தா."

"அது ரெண்டு நாள்ல தானாவே சரியாயிரும் மாமா."

"அதான் நானும் சொல்றேன். மாத்திரையப் போட்டா ரெண்டு நாள்ல தானாவே சரியாயிருது."

"அப்படியே போட்டாலும் மூணையும் முழுசா போடணும்."

"மூணாவது சூடுத்தா. ஒடம்பு தாங்காது."

வீட்டில் ஒருவருக்கு இதைப் புரியவைக்க முடியாமல்தான் நான் உலகத்துக்கு மருந்து செய்யப் போனேன். இதற்கிடையில் அவர் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார்: "எம் மருமக மருந்து கண்டுபிடிக்கிறா." எதிர்வீட்டு அம்மாள் ஒரு நாள் என் ஸ்கூட்டியை மறித்து முட்டிவலிக்கு இருக்கிறதா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் நின்ற மாமனார் முந்திக்கொண்டார்: "முட்டிக்கு இன்னும் வரலைங்க. இது முடிஞ்சதும் அடுத்து அதுதான்."

கல்லூரியில் நடந்துகொண்டிருந்ததை அவர்கள் பார்த்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். எங்கள் வேலைக்கு அடிக்கடி தேவைப்படும் ஒரு கரைப்பான், நாற்பது டிகிரியில் கொதிக்கும். சித்திரை மாதத்துப் புதுக்கோட்டையில் அதற்கு அடுப்பே வேண்டாம். பாட்டில் மூடியைத் திருகினால் சோடா மாதிரி சீறும். குளிரவைக்கத் தண்ணீர் ஓட வேண்டும். தண்ணீர் காலையில்தான் வரும். தண்ணீர் வருகிற நேரம் பார்த்து கரண்ட் போகும். இரண்டும் இருக்கிற நாளில் துறைக்கூட்டம் இருக்கும்.

வேதிவினை முடிந்ததா என்று பார்ப்பதிலும் ஒரு தொல்லை. மற்றவர்களின் பொருட்களை ஒரு துளி பூச்சுத் தகட்டில் வைத்துப் புற ஊதா விளக்கின் கீழ் காட்டினால் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். நான் ஆரம்பிக்கிற மருந்து அந்த விளக்குக்கு மசியாது. தகட்டில் அமிலம் கலந்த சாயத்தைத் தெளித்துச் சுடவைத்தால்தான் நீலமாக மேலே வரும். அப்படிச் சுட்டுச் சுட்டு என் விரல் நுனியெல்லாம் தோசை சுடுகிறவர் கை மாதிரி ஆகிவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு குடுவையின் அடியில் கிடைப்பது ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள்.

அந்தச் சிட்டிகையைக் கொண்டுபோய்க் கொடுக்கிற இடம் நுண்ணுயிரியல் துறை. அங்கே என் தோழி இருந்தார். கோட்டைப்பட்டினம் பக்கத்துக் கடற்கரைக்காரர். கணவர் சவூதியில். மூன்று மாதம் உழைத்து நான் செய்த தூளை ஒரே ராத்திரியில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும் அதிகாரம் அவருக்கு இருந்தது. அதை அவர் ரொம்ப மரியாதையாகச் செய்வார். "உங்க பொருளு ரொம்ப நல்ல குணங்க. ஒரு கிருமியக்கூட நோகடிக்கல" என்பார்.

அவர் சோதனை எளிமையானது. கண்ணாடித் தட்டில் அகார் கூழை ஊற்றி உறையவிடுவார். நோன்பு மாதத்தில் அவர் வீட்டிலிருந்து ரோஸ் நிறத்தில் எங்களுக்குக் கடற்பாசி என்கிற இனிப்பு வரும். அதுவும் இதே கூழ்தான், சர்க்கரையும் பாலும் சேர்ந்தது. "கிருமிக்கும் ஒங்களுக்கும் ஒரே பந்திதான்" என்று சொல்லிக்கொண்டே எங்களுக்குப் பரிமாறுவார். உறைந்த கூழின் மேல் கிருமியைப் பரவலாகத் தடவி, நெற்றிப் பொட்டு அளவுள்ள காகித வட்டங்களில் மருந்தை ஊறவைத்து, காயவிட்டு, அதன் மேல் வைப்பார். சூடான பெட்டியில் ஓர் இரவு. மருந்து வேலை செய்தால் பொட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் வட்டமாகத் தெளிவாக இருக்கும். செய்யாவிட்டால் பொட்டின் விளிம்பு வரை புல்தரை மாதிரி வளர்ந்திருக்கும். எனக்குப் பெரும்பாலும் புல்தரை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மாமனாருக்குப் பிடரியில் ஒரு கட்டி வந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. வழக்கமான மாத்திரையை வாங்கி ஒன்று போட்டார். மறுநாள் இன்னொன்று. கட்டி எலுமிச்சை அளவுக்கு வந்த பிறகும் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, வெயில் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். கடைசியில் காய்ச்சல் வந்து, துண்டை அவிழ்க்க வேண்டியதாயிற்று. மாமியார் பார்த்த பார்வையில் கட்டி அங்கேயே உடைந்திருக்க வேண்டும்.

அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். கட்டியைக் கீறிச் சீழை எடுத்து, கிருமிப் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். முடிவு வந்தது. எந்தெந்த மருந்துக்குக் கிருமி மடியும், எதற்கு மடியாது என்று வரிசையாக இருந்தது. எரித்ரோமைசின், அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் எல்லாவற்றுக்கும் எதிரே ஆங்கில எழுத்து ஆர்.

டாக்டர் நிமிர்ந்து, "அசித்ரோமைசின் அடிக்கடி போடுவீங்களாய்யா?" என்று கேட்டார்.

"அடிக்கடி இல்லீங்க. அப்பப்ப."

வேறு வகை மருந்து எழுதிக்கொடுத்தார்கள். அதை நானே வேளாவேளைக்கு எடுத்துக்கொடுத்து, தொண்டைக்குள் இறங்கிவிட்டதா என்று நின்று பார்த்தேன். கட்டி ஆறியது. ஆனால் அந்தத் தாளை மாமனார் விடுவதாக இல்லை.

"என்னத்தா, நெறைய ஆர் வாங்கிருக்கேன். பாஸா?"

"ஆர்னா அந்த மருந்துக்குக் கிருமி அடங்கலைன்னு அர்த்தம் மாமா."

"நல்ல மருந்துதானே அது? ஏன் அடங்கல?"

கிருமிக்குள் புரதம் தயாரிக்கிற ஓர் இடம் இருக்கிறது, மருந்து போய் அதில் உட்கார்ந்துகொண்டால் வேலை நின்றுவிடும் என்றேன். மருந்தைப் பாதியில் பாதியில் நிறுத்திப் பழக்கினால், அந்த உட்காரும் இடத்தையே மாற்றி வைத்துக்கொள்ளும் கிருமிகள் பெருகிவிடும், மருந்து வந்தால் அதற்கு இடம் இருக்காது என்றேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சன்னல் வழியா துண்டப் போட்டு சீட்டுப் பிடிச்சு வச்சிருக்கான்னு சொல்லு."

"ஆமா மாமா. கிட்டத்தட்ட அதுதான்."

"நீ என்ன செய்யிற?"

"மருந்துக்கு ஒரு கை ஒட்டவைக்கிறேன். உக்கார எடம் சரியா இல்லாட்டியும் பக்கத்துல எதையாவது பிடிச்சுக்கிட்டு நிக்கும்."

"கம்பியப் பிடிச்சுக்கிட்டு."

"கம்பியப் பிடிச்சுக்கிட்டு."

என் ஆய்வு நெறியாளர்கூட இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதில்லை. அடுத்து அவர் சொன்னதுதான் என்னைத் திகைக்கவைத்தது. "அப்ப எங்கிருமியவே வச்சுப் பாரேன். அவன் நல்லாத் துண்டு போட்டுப் பழகுனவன்."

தோழியிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். மருந்துக்கு மடியாத கிருமிகளை மருத்துவமனை ஆய்வகத்திலிருந்து வாங்க நாங்கள் முறைப்படி அனுமதி பெற்றுக் காத்துக்கொண்டுதான் இருந்தோம். நோயாளியின் சம்மதம் வேண்டும், பெயர் எங்கும் வரக்கூடாது, இவ்வளவுதான் நிபந்தனை. மாமனார் கையெழுத்துப் போடும் முன் முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு வந்தார்.

சில நாளில் கிருமி வந்து சேர்ந்தது. சின்னக் குப்பியின் மேல் ஓர் எழுத்தும் எண்ணும் மட்டும் எழுதியிருந்தது. விதி அப்படி. ஆனால் ஆய்வகத்துக்குள் எங்கள் இருவருக்குள் அதன் பெயர் 'மாமா' என்று ஆகிவிட்டது. எப்படித் தடுப்பது? காலை ஒன்பது மணிக்குத் தோழி போன் செய்வார்.

"மாமா நேத்து ராத்திரி தட்டு முழுக்கப் படர்ந்துட்டாருங்க. பொட்டு மேலயே ஏறி உக்காந்துருக்காரு."

"ஆறாவது பொருளுக்குமா?"

"ஆறாவதா? அதைத் தின்னுட்டு வளந்துருக்காருன்னு நெனைக்கிறேன்."

சாயங்காலம் வீட்டில் மாமனார் கேட்பார்: "என்னத்தா, செத்தானா?"

"இல்லை மாமா."

"சாக மாட்டான்." அந்தக் குரலில் வருத்தம் இருந்ததாக நான் சொல்ல முடியாது. உள்ளேயிருந்து மாமியார் சொல்வார்: "யாரு ஒடம்புல வளந்தது. லேசுல அடங்குமா?"

எனக்கு உள்ளூர நோவு இருந்தது. அரைக்கிராம் பொருளுக்காக ஒரு பருவம் முழுவதையும் கொடுத்திருக்கிறேன். என் பிள்ளையின் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போகாமல் குடுவையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதைப் பொட்டாக வைத்தால் இந்தக் கிருமி மேலேறிப் படுத்துக்கொள்கிறது. வீட்டில் அந்தக் கிருமிக்கு ஆதரவாக ஒரு கட்சி வேறு. ஒரு நாள் சாப்பாட்டைத் தொடாமல் எழுந்துவிட்டேன். அன்றைக்கு மாமனார் கிருமியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கடைத்தெரு வரை போய் எனக்கு வடை வாங்கிவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு திங்கட்கிழமை தோழி போனில் மூச்சிரைத்தார். "ஓடியாங்க." ஓடினேன். தட்டில் என் பொட்டைச் சுற்றிப் பெரிய தெளிவான வட்டம். நான் வராண்டாவில் வந்து நின்று அழுதேன். துறைத்தலைவரிடம் சொல்லிவிட்டேன். டீ சொல்லிவிட்டேன். டீ வருவதற்குள் தோழி அதே தட்டின் ஓரத்தில் இருந்த இன்னொரு பொட்டைக் காட்டினார். அதில் மருந்தே கிடையாது. மருந்தைக் கரைக்கிற திரவம் மட்டும். அதைச் சுற்றியும் அதே அளவு வட்டம். மழைக்காலத்து ஈரத்தில் பொட்டுகள் காயாமலேயே தட்டுக்குப் போயிருந்தன. கிருமியை விரட்டியது என் மருந்தில்லை, காயாத திரவம்.

"டீ வந்தா குடிச்சிருவோம்ங்க. அது பாவம் என்ன பண்ணும்" என்றார் தோழி.

அதற்குப் பிறகு முறையை மாற்றினோம். திரவத்தைக் குறைத்தோம், பொட்டுகளை நாள் முழுக்கக் காயவைத்தோம். நானும் கையின் நீளத்தை மாற்றினேன். அதுவரை குட்டையாக ஒட்டியதை, நடுவில் நாலு கரியணு வைத்து நீட்டி, நுனியில் ஒரு தட்டையான வளையத்தை வைத்தேன். ஒன்பதாவது பொருள். அதைக் கொடுக்கும்போது நான் எதையும் எதிர்பார்க்கவில்லை; கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிறோம் என்று கொடுத்தேன்.

மறுநாள் தோழி போன் செய்யவில்லை. நேரில் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். மாணவர்கள் முன்னால் எதுவும் சொல்ல முடியாமல், "மேடம், மாமா கொஞ்சம் ஒதுங்கிருக்காரு" என்றார். முன்வரிசைப் பெண்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

போய்ப் பார்த்தேன். சின்ன வட்டம்தான், பொட்டைச் சுற்றி ஒரு மோதிரம் போல. வெறும் திரவப் பொட்டில் எதுவும் இல்லை. பக்கத்தில் வைத்த பழைய மருந்தின் பொட்டிலும் எதுவும் இல்லை, கிருமி அதன் விளிம்பு வரை வளர்ந்திருந்தது. இந்த முறை நான் யாரிடமும் சொல்லவில்லை. தோழி திரும்ப வைத்தார். திரும்பவும் மோதிரம். இன்னொரு முறை, அகார் கூழைப் புதிதாகக் காய்ச்சி. மறுபடியும் மோதிரம். அப்புறம்தான் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "சுபஹானல்லாஹ், கம்பியப் பிடிச்சிருச்சுங்க" என்றார்.

வீட்டில் சொன்னேன். மாமனார் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தார்.

"முழுசா செத்தானா?"

"முழுசா இல்லை மாமா. மருந்து நெறைய போட்டாத்தான் அடங்குறான்."

"அதானே பாத்தேன்" என்றார், சற்றுத் தெம்பாக. பிறகு என் தலையில் கை வைத்து, "இருந்தாலும் ஒதுங்கவச்சுட்டேல்லத்தா" என்றார்.

வாய்மொழித் தேர்வுக்கு அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு கடைசி வரிசையில் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கறாரானவர். கையின் நீளத்தைப் பற்றி, வினையின் வரிசையைப் பற்றியெல்லாம் குடைந்துவிட்டு, கடைசியில் கேட்டார்: "இந்தக் கிருமி எங்கேருந்து கிடைச்சது?"

"அரசு மருத்துவமனை மூலமாக, உரிய அனுமதியோட வாங்கினோம் சார். நோயாளியோட அடையாளம் ரகசியமா வைக்கப்பட்டிருக்கு."

கடைசி வரிசையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. தோழி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயா, அந்த நோயாளி நான்தாங்க."

அரங்கமே திரும்பியது. மாமியார் அவர் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தார். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன்.

"அசித்ரோமைசின் எத்தனை நாள் போடுவீங்கய்யா?" என்று கேட்டார்.

"நல்லாகுற வரைக்கும்ங்க."

"மூணு நாளும்?"

"நல்லானப்பெறகு எதுக்குங்க மாத்திரை?"

தேர்வாளர் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "உங்க முன்னுரையில நாப்பது பக்கம் எழுதினதை இவர் ஒரு வரியில சொல்லிட்டார்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மாமனார் பக்கம் திரும்பி, "ஐயா, இனிமே முழுசா போடுங்க. டாக்டர் எழுதினா மட்டும் போடுங்க" என்றார். நான் அத்தனை வருடம் சொன்னதும் இதேதான். ஆனால் வெளியூர்க்காரர், கோட்டுப் போட்டவர், மைக்கில் சொன்னார்.

அதற்குப் பிறகு எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் என்னிடம் முறையிட்டார். "ஒங்க மாமனார் கடை வாசல்ல நின்னுக்கிட்டு, வர்றவுகளயெல்லாம் டாக்டர் சீட்டு இருக்கான்னு கேக்குறாருங்க. இல்லாதவுகள திருப்பி அனுப்புறாரு. நான் ஏவாரம் பாக்குறதா வேண்டாமா?" அவரிடம் நான் அனுதாபத்தோடு தலையாட்டினேன்.

பட்டம் கிடைத்த வாரம் மாமியார் என்னிடம் தனியாகக் கேட்டார்: "அப்ப அந்த மருந்து கடைக்கு வந்துருமா?"

"வராது அத்தை. அது ரொம்ப தூரம். இன்னும் ஒடம்புக்கு ஒத்துக்குமான்னு பாக்கணும், ஈரலுக்கு ஆகுமான்னு பாக்கணும். பெரும்பாலும் வராது."

"அப்புறம் எதுக்கு இத்தனை வருசம் சோறு தண்ணியில்லாம கெடந்த?"

"இந்த எடத்துல, இந்த நீளத்துல கை வச்சாப் பிடிமானம் கெடைக்குதுன்னு தெரிஞ்சிருச்சு. வேற யாராவது அங்கேருந்து ஆரம்பிச்சுக்கலாம்."

அவர் யோசித்தார். "வேற யாராவது எதுக்கு? நீயே ஆரம்பிக்க வேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டு உளுந்து ஊறவைக்கப் போனார்.

ஆரம்பித்துவிட்டேன். இந்த முறை கையை இன்னும் ஒரு கரியணு நீட்டியிருக்கிறேன். தூளாக வர வேண்டியது குடுவையின் அடியில் பிசினாக நிற்கிறது. நேற்று தோழி வந்து எட்டிப் பார்த்து, "என்னங்க இது, கந்தர்வக்கோட்டை முந்திரிப் பிசினா?" என்று கேட்டார். கண்ணாடிக் குச்சியால் குடுவையின் உட்புறத்தைச் சுரண்டினால் சில சமயம் படிகம் விழும். இருவரும் மாறி மாறிச் சுரண்டினோம். சவூதியிலிருந்து அவர் வீட்டுக்காரர் போன் செய்தார். பிறகு பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டு, குச்சியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.